வாத்தியாரை மாற்றச் சொன்ன கட்டுரை

3 மார்ச் 1909

அன்புள்ள அத்தானுக்கு,

சிறையில் இருமல் மட்டும் விட்டபாடில்லை. என் கட்டுரையை நீதிமன்றத்துக்காக இங்கிலீஷில் மொழிபெயர்க்கும் வேலை உங்கள் மேசைக்கே வந்திருக்கிறதாமே. நம் உறவு அங்கே யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. இந்தக் கடிதத்தைக் காவலர் ஒருவர் ரகசியமாகக் கொண்டுவருகிறார்.

“கறுப்பனுக்கு மனப்பாடம் வரும், யோசனை வராது, தன்னைத்தானே ஆள இன்னும் நூறு வருடம் ஆகும்” என்று அந்த வெள்ளைக்காரத் துரை புத்தகம் எழுதினார். “நூறு வருடம் பாடம் நடத்தியும் வகுப்பே தேறவில்லை என்றால் மாற்ற வேண்டியது பிள்ளைகளையா, வாத்தியாரையா?” என்று கட்டுரையில் கேட்டேன். பள்ளிக்கூட வாத்தியார் நான், வேறு எப்படிக் கேட்பேன்?

ஒரு சொல்லையும் மழுப்பாதீர்கள். தண்டனை கிடைத்தால் கிடைக்கட்டும். நமக்கு யோசிக்கத் தெரியும் என்பதற்கு என்னிடம் உள்ள சாட்சி அந்தக் கட்டுரை ஒன்றுதான்.

உங்கள் மைத்துனன்

9 மார்ச்

அன்பு மச்சானுக்கு,

உன் அக்கா மூன்று நாளாக அடுப்பு மூட்டவில்லை. “நீங்க எழுதுறதுலதாங்க என் தம்பி உசுரு இருக்கு. ஆறு வருஷம் கல்லுடைச்சா இருமியே செத்துருவான்” என்கிறாள். வேலையை முடித்து இன்று கொடுத்துவிட்டேன். கம்பளி அனுப்பியிருக்கிறேன், போர்த்திக்கொள்.

அத்தான்

21 மார்ச்

அத்தான்,

விடுதலையாகி நாலு நாள் ஆகிறது. வீட்டுக்கு வரவில்லையே என்று அக்கா ஆளனுப்பினாள்.

நீதிபதி உங்கள் மொழிபெயர்ப்பை உரக்கப் படித்தார். அதில் நான் கேள்வியே கேட்கவில்லை. “எங்கள் வாத்தியார் அடிக்கிறார், அடிக்காத வாத்தியார் வேண்டும்” என்று அழுதிருக்கிறேன். மன்றமே சிரித்தது. “இது ராஜத்துரோகமில்லை, குழந்தையின் அடம். வீட்டுக்குப் போகட்டும்” என்றார். அந்தத் தீர்ப்பைத் துரை தன் புத்தகத்தின் அடுத்த பதிப்பில், நமக்கு யோசனை வராது என்பதற்கு அத்தாட்சியாகச் சேர்க்கிறாராம்.

“அது என் எழுத்தல்ல” என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்களைப் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள். அக்காவை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அன்பினால்தான் செய்தீர்கள், தெரியும். உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் ஆகாது.

மைத்துனன்

2 மே

மச்சான்,

இது மூன்றாவது கடிதம். லீவு போட்டு உன் கட்டுரையை உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்தேன். நாலு இங்கிலீஷ் பத்திரிகைக்கு அனுப்பினேன். “வழக்குதான் முடிந்துவிட்டதே” என்று திருப்பிவிட்டார்கள்.

“உசுரோட இருக்கான்ல, அது போதும்” என்ற உன் அக்கா, தெருவில் யார் இருமினாலும் எழுந்துபோய்ப் பார்க்கிறாள்.

நீ பதில் போட வேண்டாம். உறையைப் பிரிக்காமல் திருப்பி மட்டும் அனுப்பாதே. தபால்காரர் அதை உன் அக்கா கையில்தான் கொடுக்கிறார்.

அத்தான்