உட்கார்ந்து செய்யும் வேலை

1984 ஆகஸ்ட் 7, செவ்வாய்

வேலூரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் என் இடுப்புவலிக்குக் கொடுத்த பயிற்சி இன்றோடு முடிந்தது. மூன்று வாரம் ஆரணியிலிருந்து பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போய்வந்தேன். பயிற்சி கொடுத்தவன் மூஞ்சியில் இனி விழிக்க வேண்டாம். அது ஒன்றுதான் நிம்மதி.

முதல் நாள் என்ன வேலை என்று கேட்டான். "உக்காந்துகினு செய்யற வேலைங்க" என்றேன். தறிக்காரன் வேறெப்படிச் சொல்வான்? அவன் ஆபீஸ் வேலை என்று எழுதிக்கொண்டான். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி உட்காரப் பழக்கினான்.

இன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன்.

"காலைத் தறிக்குழியில விட்டுகினு, நாள் பூரா குனிஞ்சு நெய்யறேங்க. அங்க நாற்காலிக்கு எங்க போறது?"

"குழியா? அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று எரிந்து விழுந்தான். பிறகு ஒரு தாளை எடுத்தான். "வலி எப்படி இருக்கு?"

"இங்க படுத்துகினு இருந்தா இல்லீங்க."

'வலி இல்லை, திருப்தி' என்று எழுதி நீட்டினான். பின்னால் வரிசை நின்றது. கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

வெளியே பெஞ்சில் தேவிகாபுரத்து நெசவாளி ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எப்படிங்க, நல்லா பாக்கறாரா?" என்றார்.

மூன்று வாரம் ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கம். "நல்லா பாக்கறாருங்க" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். செருப்பை மாட்டும்போது அவர் குரல் கேட்டது.

"உக்காந்துகினு செய்யற வேலைங்க."

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ் போய்விடும் என்று வந்துவிட்டேன்.