ரெண்டு விசில்

ஏப்ரல் 4, சனிக்கிழமை

அன்புள்ள விசிலுக்கு,

உன் ஹாரன் எழுதுவது. சிரிக்காதே, சிரித்தால் உனக்கு இருமல் வருமாம். போனில் பேசினாலும் இருமல் வந்து மூச்சு இறங்கிவிடுகிறதாம். அதனால் போனைத் தொடவே கூடாது என்று வார்டு சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடிதம் என்றால் கொண்டுபோய்க் கொடுப்பாராம். இத்தனை வருஷமாக ஒரே பஸ்ஸில் நீ கண்டக்டராகப் பின்னால், நான் டிரைவராக முன்னால். எழுதிப் பேசும் நாள் வரும் என்று யார் கண்டது? நான் கடைசியாகக் கடிதம் எழுதியது கல்யாணத்துக்கு முன்னால். அதற்கு என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, இன்றுவரை பதில் போடவில்லை.

தொற்றுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நம் வண்டியை ஆஸ்பத்திரி வேலைக்கு விட்டுவிட்டார்கள். காலையும் மாலையும் நர்ஸ்களை ஏற்றி இறக்க வேண்டும், உன் சிஸ்டரும் அதில்தான் வருகிறார். ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது, ஆகவே கண்டக்டரும் கிடையாது.

முதல் நாள் நடந்த கூத்தைக் கேள். முதல் ஸ்டாப்பில் எல்லாரும் ஏறினார்கள். நான் கியரில் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன், உட்கார்ந்திருக்கிறேன், வண்டியை எடுக்கவே இல்லை. கடைசியில் ஒரு நர்ஸ் எழுந்து வந்து, "அண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். "இல்லம்மா, இன்னும் ரெண்டு விசில் வரலையே" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு விசில் என்றால் நில், ரெண்டு விசில் என்றால் போ. என் காலுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். அவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்று முழுக்கக் கண்ணாடியில் உன் காலி சீட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

உன் வீட்டுக்காரி நலம். வாசலில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று அரசாங்கத்து ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனதில் அக்கம்பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நான் தினமும் சாமான் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, ரோட்டில் நின்று கத்திப் பேசிவிட்டு வருகிறேன். ஹாரன் என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

முடிந்தால் எழுது. முடியாவிட்டால் சிஸ்டரிடம் தலையை ஆட்டு, அவர் வந்து சொல்லிவிடுவார்.

உன்,
ஹாரன்


ஏப்ரல் 9, வியாழக்கிழமை

அருமை ஹாரனுக்கு,

பேசத்தான் மூச்சு வேண்டும், எழுத வேண்டாம் என்பது நல்லதாகப் போயிற்று. இந்தக் கடிதத்தைச் சிஸ்டர் கவரில் போட்டு ஓரிரண்டு நாள் தனியே வைத்துவிட்டுத்தான் உன்னிடம் தருவாராம். நீயும் வெயிலில் காயப்போட்டுவிட்டுப் படி.

எனக்கு ஜன்னலோரக் கட்டில். இத்தனை வருஷம் அடுத்தவர்களுக்கு ஜன்னலோரம் பிடித்துக் கொடுத்தவனுக்கு இப்போதுதான் கிடைத்தது. மூக்கில் குழாய். நேற்று ஒரு புது ஆளை வாசலருகே ஸ்ட்ரெச்சரிலேயே நிறுத்தியிருந்தார்கள். அரைத் தூக்கத்தில் நான், "உள்ளே போங்க, உள்ளே இடம் இருக்கு, படியில நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டேனாம். வார்டு முழுக்க அதையே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஒரு விளையாட்டுச் சாமான் கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று பந்துகள். குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். எனக்கு ஒரு பந்துதான் அசைகிறது, அதுவும் பாதி வழியில் நின்று யோசித்துவிட்டு இறங்கிவிடுகிறது.

அதனால் ஒரு விஷயம். மேனேஜரிடம் சொல்லிவிடு. பஸ் மறுபடி ஓட ஆரம்பித்தால் என் இடத்துக்கு வேறு ஆளைப் போடட்டும். பிழைத்து வந்தாலும் நான் வரப்போவதில்லை. ஊத மூச்சில்லாதவனுக்கு விசில் எதற்கு? வருத்தப்பட்டு எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன். நீயே சொல்லிவிடு, எனக்கு அவரிடம் சொல்ல வாய் வராது.

அன்புடன்,
விசில்


ஏப்ரல் 13, திங்கட்கிழமை

விசில்,

சொல்ல மாட்டேன். வேண்டுமானால் நீயே எழுந்து வந்து, டிப்போ வாசலில் நின்று மேனேஜரிடம் சொல். அதுவரை நான் வாயைத் திறப்பதாக இல்லை.

உன் கடிதத்தை வெயிலில் போட்டது போதாது என்று உன் தங்கச்சி அதற்கு இஸ்திரி வேறு போட்டாள். பெட்டி சூடு அதிகமாகி ஒரு மூலை கருகிவிட்டது. சரியாக அந்தப் பந்து சமாசாரம் இருந்த இடம். ஓட்டையைச் சுற்றி இருந்ததை வைத்து ஊகித்துப் படித்தேன். நல்ல வேளை, நீ வேலையை விடுவதாக எழுதியது கருகியிருந்தால் எனக்கு இந்தக் கோபமே வந்திருக்காது.

தூரத்தில் ஒருத்தர் ஓடிவந்தால் போதும், வண்டி நிரம்பி வழிந்தாலும் நீ ஒரு விசில் கொடுத்து நிறுத்திவிடுவாய். அதற்காக நாம் போடாத சண்டையா? நேரத்துக்குப் போக முடியவில்லை என்று நான் கத்துவேன், நீ காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாய். இப்போது ரோட்டில் ஓடிவர யாருமே இல்லை. நானாக நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

உன் விசிலை வண்டியிலிருந்து எடுத்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, இதோடு அனுப்பியிருக்கிறேன். அந்தப் பந்தை விடு, இதில் பழகு.

உன்,
ஹாரன்


ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை

அருமை ஹாரனுக்கு,

உனக்குக் கொஞ்சமாவது மூளை இருக்கிறதா? தொற்று வார்டுக்கு விசிலை அனுப்பியிருக்கிறாய். உறையைப் பிரித்ததும் சிஸ்டர் அப்படியே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "இத இங்க ஊதினீங்கன்னா, எனக்கு வந்து, டாக்டருக்கு வந்து, உங்க டிரைவருக்கும் வந்து சேரும். டெஸ்ட்ல இல்லைன்னு வரட்டும், நானே தர்றேன்" என்று பிடுங்கித் தன் டிராயரில் பூட்டிவிட்டார். நான் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினேன். நேற்று ரெண்டாவது பந்தும் அசைந்தது. விசிலைப் பார்த்த வேகமோ என்னவோ.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். உன்னைத் தவிர யாரிடம் எழுதுவேன்? எதிர்க் கட்டிலில் ஒரு தையல்காரர் இருந்தார். கையை ஆட்டி ஆட்டியே நல்ல பழக்கமாகிவிட்டோம். வெளியே போனதும் எனக்குப் புது யூனிபாரம் தைத்துத் தருவதாகச் சைகையில் அளவெல்லாம் எடுத்தார். இன்று காலை கண் விழித்தபோது அந்தக் கட்டில் காலி. விரிப்பை மாற்றிவிட்டார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் சொல்லாதே. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
விசில்


ஏப்ரல் 20, திங்கட்கிழமை

அன்பு விசிலுக்கு,

உன் கடிதத்தை டிப்போவில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து படித்தேன். பயந்தால் என்ன? எனக்கும்தான் பயமாக இருக்கிறது. தினமும் வீட்டுக்குள் நுழையும் முன் பின்பக்கக் குழாயில் குளிக்கிறேன். யாராவது தும்மினால் அன்று சாப்பாடு இறங்குவதில்லை. பயத்தோடே வண்டி ஓட்டுகிறேன், நீயும் பயத்தோடே மூச்சு விடு. ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம்.

வீட்டில் நீ சொன்னபடியே சொன்னேன். ஆனால் நீ வேலையை விடப்போகும் கதையை என்னால் அடக்க முடியவில்லை, கேட்டில் நின்று போட்டு உடைத்துவிட்டேன். மன்னித்துக்கொள். உன் வீட்டுக்காரி மேல் ஜன்னலில் நின்று கேட்டாள். அப்புறம், "அவரு வேலைக்குப் போகணும்ணே. வீட்லயே உக்காந்தா, வர்றவங்க போறவங்களையெல்லாம் உள்ள தள்ளி நிக்கச் சொல்லுவாரு, நான் எங்க போறது?" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அழுதிருப்பாள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. உன் ஜன்னல் எது என்று சிஸ்டர் காட்டினார். நான் வண்டி திருப்பும் இடத்துக்கு நேர் மேலேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பக்கம் ஹாரன் அடிக்கக் கூடாது, என் பெயருக்கு வந்த சோதனை. அதனால் விடிகாலையில் வரும்போது ஹெட்லைட்டை ஒரே ஒரு தடவை போட்டு அணைப்பேன். ரெண்டு தடவை போட்டால் போ என்று அர்த்தமாகிவிடும், அந்தப் பேச்சே வேண்டாம். ஒன்றுதான். நில் என்று அர்த்தம். என்ன ஆனாலும் இறங்கிவிடாதே.

உன்,
ஹாரன்


ஏப்ரல் 27, திங்கட்கிழமை

விசில்,

உன் பதில் வரவில்லை. சிஸ்டர் நாலைந்து நாளாகவே என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இன்று இறங்கும்போதுதான், உன்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே கடிதமெல்லாம் கொடுக்க முடியாது என்றார். இதையாவது பத்திரமாக வைத்திருந்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

உன் பழைய ஜன்னலில் திரை போட்டிருக்கிறார்கள். நீ அங்கே இல்லை என்று தெரியும். தெரிந்தும் தினமும் லைட் போட்டுவிட்டுத்தான் திருப்புகிறேன்.

மேனேஜர் கூப்பிட்டார். பஸ் ஓட ஆரம்பிக்கும்போது வேறு கண்டக்டரைப் போடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தச் சீட்டில் ஆள் இருக்கிறது, துண்டு போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, என் பச்சைத் துண்டை நிஜமாகவே உன் சீட்டில் விரித்து வைத்திருக்கிறேன். நர்ஸ்களுக்கு விஷயம் தெரியும். நின்றுகொண்டு வந்தாலும் வருகிறார்கள், அதில் யாரும் உட்காருவதில்லை.

நின்றுவிடு. அவ்வளவுதான்.

ஹாரன்


மே 8, வெள்ளிக்கிழமை

அருமை ஹாரனுக்கு,

பேனா பிடிக்க இன்னும் பலம் வரவில்லை, எழுத்து அப்படி இப்படித்தான் இருக்கும். மறுபடி வார்டுக்கு வந்துவிட்டேன். உன் கடைசிக் கடிதத்தைச் சிஸ்டர் வைத்திருந்து கொடுத்தார். ரெண்டு தடவை படித்தேன், துண்டு சமாசாரத்தை மட்டும் மூன்றாம் தடவையும் படித்தேன்.

அங்கே ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்றே தெரியாது. ஆனால் விடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்போதெல்லாம், இந்நேரம் நீ லைட் போட்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். ஒன்று. நில். நின்றுவிட்டேன்.

டெஸ்ட்டில் ரெண்டு முறையும் இல்லை என்று வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்னை அனுப்புகிறார்கள். உன் வண்டியிலேயே கூட்டிப்போகச் சிஸ்டர் அனுமதி வாங்கியிருக்கிறார். நான் படியேற நேரமாகும், பொறுமையாக இரு. விசிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். ஊதிப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அதனால் என்னிடம் எதையும் எதிர்பார்க்காதே. ஊதி, வெறும் காற்றுதான் வந்தது என்றால் அதை நான் தாங்கமாட்டேன்.

அன்புடன்,
விசில்


மே 14, வியாழக்கிழமை

அருமை ஹாரனுக்கு,

வீட்டில் தனி அறையில் இருக்கிறேன். இப்போது போனில் பேசலாம்தான். ஆனால் சில விஷயங்கள் உன்னிடம் எழுதித்தான் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ முன்னால் இருந்தாய், திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நான் துண்டின்மேல் உட்கார்ந்தேன். எல்லாரும் ஏறி முடித்தார்கள். நீ வண்டியை எடுக்கவில்லை. சிஸ்டரே, "அண்ணே, போலாம்" என்று குரல் கொடுத்தார். நீ அசையவில்லை. எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது. எத்தனை பேர் முன்னால் என்னை இப்படி மாட்டிவிடுகிறான் பார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, மாஸ்க்கை இறக்கி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஊதினேன்.

வந்தது. பாதி சத்தம், பாதி காற்று. ஆனால் அந்த ஒன்றோடு மூச்சு தீர்ந்துவிட்டது. நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது, கண் இருட்டுகிறது, அடுத்ததற்கு ஒன்றும் மிச்சமில்லை. வேறு எந்த டிரைவராக இருந்தாலும் பாவம், போதும் என்று அதோடு எடுத்திருப்பான். நீ எடுக்கவில்லை. ஒரு விசில் என்றால் நில்தானே, நின்றாய். கண்ணாடியில் உன் கண்ணைப் பார்த்தேன். அதில் அவசரமே இல்லை. நேரத்துக்குப் போகவில்லை என்று வருஷக்கணக்காக என் உயிரை வாங்கியவன், நான் மூச்சைத் திரட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாய். அதற்கப்புறம்தான் ரெண்டாவது வந்தது.

நேற்று மேனேஜரிடம் நானே பேசினேன். நீதான் என்னையே சொல்லச் சொன்னாயே. ஜூன் ஒன்றாம் தேதி பஸ் விடுகிறார்களாம், அன்றைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படியேறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. முதலில் கொஞ்ச நாள் மெதுவாகத்தான் இருக்கும். நீ கத்தக் கூடாது.

என்றும்,
உன் விசில்


மே 30, சனிக்கிழமை

அன்புள்ள விசிலுக்கு,

கத்த மாட்டேன் என்றெல்லாம் வாக்குக் கொடுக்க முடியாது. முயற்சி செய்கிறேன்.

அன்று நான் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. திரும்பியிருந்தால் நான் அழுததை வண்டியே பார்த்திருக்கும். கண்ணாடியில் என் கண்ணில் அவசரம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அவசரம் இல்லைதான், ஆனால் எனக்கு எதிரே ரோடே தெரியவில்லை.

வண்டியை இன்று டிப்போவில் கழுவினோம். சிவப்பு டேப்பெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. உன் சீட்டில் போட்டிருந்த துண்டை மட்டும் எடுத்துவிட்டேன். உன் தங்கச்சி அதைத் துவைத்து, பழக்க தோஷத்தில் இஸ்திரியும் போட்டு, மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை நமக்கு முதல் வண்டி. மெதுவாகவே ஏறு. நான் கியரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன்,
ஹாரன்