வலது பின்சக்கரத்துக்கு மேலே

நோரீன்,

பீன்ஸும் சோள ரொட்டியும் அடுப்பின் மேல் இருக்கின்றன. வேலை முடிந்து வந்ததும் சூடாக்கிச் சாப்பிடு.

பந்தய விதிப்படி காரில் எடைக்காக ஏற்ற வேண்டிய ஐம்பது பவுண்டு ஈயத்தை நேற்று நான் முன்பக்கம் வைத்தேன். "டெல்பர்ட், டிக்கியில வலது பக்கமா வை, அந்தப் பின்சக்கரத்துக்குத்தான் பிடிப்பு இல்ல" என்றாய். "நீ போய் சாண்ட்விச்சைப் பாரு" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன். சக்கரம் வழுக்கி முதல் சுற்றிலேயே தோற்றேன்.

இன்று காலை நீ சொன்ன இடத்தில் ஈயத்தை வைத்து போல்ட் போட்டு முடுக்கி, திடலில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி துளிகூட வழுக்காமல் நேராகப் பாய்ந்தது!

"யாருடா சொல்லிக் குடுத்தது?" என்றான் கூடப் பந்தயம் ஓட்டும் கிளைட்.

"என் பொண்டாட்டி."

டயர் வாங்கப் போகிறேன். பந்தயக் காரின் சாவி வழக்கமான ஆணியில்.

டெல்பர்ட்

பின்குறிப்பு: தன் காரையும் நீ பார்க்க வேண்டுமென்று கிளைட் மாலையில் வருகிறான். நேற்று இருந்த எல்லோரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முன்னால்தான் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.