சத்தத்தைக் குறைத்தவன்

அக்கா,

போன வாரம் திருமங்கலம் வந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். காது ஆபரேஷனுக்குப் பிறகு மூடாமல் போன இடது கண்ணில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நீ துணி தைத்துக்கொண்டிருந்தாய். "டாக்டர் என்னடா செய்வாரு, என் நேரம்" என்றாய். நீ அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

உன் நேரம் இல்லை, அக்கா.

காதெலும்பைக் குடையும் டிரில், கண்ணை மூடவைக்கும் முகத்து நரம்பை நெருங்கினால், நான் பார்த்துக்கொள்ளும் சென்சார் கருவி கத்தும். காசு கட்டுகிறவர்களுக்கு அது கத்தும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திச் செய்வார்கள். காப்பீட்டு அட்டைக்காரர்களுக்கு ஒரே நாளில் ஒன்பது ஆபரேஷன். உனக்கு ஆபரேஷன் நடந்த அன்று காலையிலேயே பெரிய டாக்டர் எரிந்து விழுந்தார்: "இம்புட்டு கத்துனா நான் எப்பய்யா முடிக்கிறது? அமுக்குய்யா அத."

சத்தத்தை அமுக்கினேன். ஆறாவதாக உன்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "என் தம்பிதான் மிஷினப் பாக்குறான், எனக்கென்ன பயம்" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தாய். அப்போதும் சத்தத்தைத் திரும்ப வைக்க என் கை பொத்தானுக்குப் போகவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன்.

சத்தம் இல்லாவிட்டாலும் கருவி பதிவு செய்துகொள்ளும். உன் பெயருக்கு நேரே பதினான்கு எச்சரிக்கைகள் இருக்கின்றன. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். புகார் எழுது. டாக்டர் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுது. தம்பி என்று விட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எனக்கு டீ போடாதே.

உன் மிஷினைப் பார்த்துக்கொண்ட
தம்பி