வெட்டுப்படாத கடற்பாசிக்கு வந்த மரபணு அறிக்கை

அனுப்புநர்:
சி. குமரப்பன்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
திரு. தியாகராஜன் அவர்கள்,
மேலாளர், கடற்பொருள் உரிமப் பிரிவு,
கோலாலம்பூர்.

பொருள்: கிள்ளான் வியாபாரி அப்துல் மஜீதின் உரிமம், மரபணு அறிக்கை மீது ஐயம், மறுசோதனை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அப்துல் மஜீத், சீன மருந்துக் கடைகளுக்கு சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசியை உலர்த்தி விற்பவர். சரக்கு வந்ததும் என்னிடம் காட்டி, என் சொல்லை நம்பியே விற்பார். அதில் இரண்டு இனங்கள் கலந்திருப்பதாக சுபாங் ஜெயாவிலுள்ள ஆய்வுக்கூடம் ஒன்று கூறியதால், இம்மாத இறுதியில் அவரது உரிமம் ரத்தாகும் எனத் தங்கள் கடிதம் வந்துள்ளது.

2. அகன்ற இலை ஓர் இனம், குறுகிய இலை வேறோர் இனம் என்கிறது அறிக்கை. இப்பாசியில் அடி இலை அகன்றும் மேல் இலை குறுகியும் இருப்பதுண்டு. நொறுங்கிய சரக்கில் அது தெரியாது. எனவே அதே மூட்டையில் முறியாத செடி ஒன்றைத் தேடியெடுத்து, ஊறவைத்து, தாளில் விரித்துப் பதித்து அந்த ஆய்வுக்கூடத்துக்கே அனுப்பினேன். இருவகை இலைகளும் ஒரே தண்டில் இருந்தன.

3. அச்செடியின் மரபணுச் சோதனையிலும் இரண்டு இனங்களே தெரிந்தன என்ற பதிலுடன் தாள் திரும்பியது. தோற்றத்தை நம்பி நான் ஏமாந்திருக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை மரபணுவில் வேறாக இருந்ததுண்டு. ஆனால் ஒரே செடி எப்படி இரண்டு இனமாகும்?

4. சோதனைக்குச் சிறு துண்டாவது வெட்டியிருக்க வேண்டும். செடி தன் பசையால் தாளோடு ஒட்டியிருக்கிறது. கிள்ளினால் தடம் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், தடமே இல்லை. கண்புரை அறுவை செய்துகொண்ட என் கண்ணை நம்பாமல், மகள் அழகம்மையையும் பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் தெரியவில்லை.

5. ஆய்வுக்கூடத்துக்கு நேரில் சென்றேன். முகப்பிலிருந்தவர், "அங்கிள், கண்ணால பாத்து சொல்றதெல்லாம் அந்தக் காலம். மெஷின் பொய் சொல்லாதுலா" என்று சிரித்தார். மெஷினை நான் குறை சொல்லவில்லை. அதற்குள் எதைப் போட்டார்கள் என்று மட்டுமே கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார், திரும்பி வரவில்லை. மறுநாள் என் கடிதத்தை வாங்கவும் மறுத்தார்கள். சோதனை நடந்ததா என்றே இப்போது சந்தேகிக்கிறேன். அபாண்டமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

6. உரிம ரத்தை நிறுத்திவைத்து, வேறோர் ஆய்வுக்கூடத்தில் மறுசோதனைக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அப்போதும் நான் சொன்னது தவறென்று வந்தால், தவறு என்னுடையது. அதற்காக அப்துல் மஜீத் கடையை மூட வேண்டாம். செடியை இனி தபாலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் குறிக்கும் நாளில் நானே கொண்டு வருகிறேன். அதை வெட்டும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் அனுமதி தாருங்கள்.

இடம்: கோலாலம்பூர்
நாள்: 14.9.1998

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
சி. குமரப்பன்