பாலத்துக்குக் கீழே நம்ம டீக்கடை

அருமை அத்தாவுக்கு,

உங்க மகன் சலீம் ஸலாம் சொல்லி எழுதுகிறேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நம்ம ஊர் ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்டிவிட்டார்கள். நாகூர், வேளாங்கண்ணி போகிற பஸ், வேன் எதுவும் இப்போது ஊருக்குள் நிற்பதில்லை; பாசஞ்சர் ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். உங்கள் காலத்தில் பாசஞ்சர் வந்தால் பிளாட்பாரம், கேட் மூடினால் ரோடு என்று கெட்டிலும் டம்ளருமாக ஓடுவீர்கள். கைக்குழந்தைக்காரிகள் பஸ் ஜன்னல் வழியே நீட்டும் புட்டியை வெந்நீரில் அலசி, பால் ஊற்றி, கேட் திறப்பதற்குள் திருப்பிக் கொடுப்பீர்கள். அந்த நிறுத்தம்தானே ஊருக்கே சோறு போட்டது? இப்போது டீ குடிக்க ஆளே இல்லை. ஆனாலும் அம்மாவும் அக்காவும் கடையை மூட மாட்டோம் என்கிறார்கள்.

நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். நானும் பாலத்தின் மேல்தான் போகிறேன். உச்சியில் நம்ம தகரக் கூரை தெரிந்ததும் ஒரு ஹாரன் அடிப்பேன். பெரிய பாசம்! அடித்துவிட்டு நேரே பைபாஸ் மோட்டலுக்குப் போய்விடுவேன். அங்கே ஆட்களை இறக்கினால் டிரைவருக்குத் தனி ரூமில் பிரியாணி சும்மா கிடைக்கும். வெட்கம் கெட்ட வயிறு, அத்தா.

போன வாரம் அந்த மோட்டலில் ஒரு பெண் குழந்தைக்கு வெந்நீர் கேட்டாள். "தண்ணி பாட்டில்தான் இருக்கு, வாங்கிக்குங்க" என்றான் கல்லாவில் இருந்தவன். அவளுடைய மாமியார் என்னிடம் வந்தார்.

"ஏந் தம்பி, ரயில்வே கேட்டுக்கிட்ட ஒரு பாய் டீக்கடை இருந்துச்சே. எம் புள்ளைக்கு அவருதான் புட்டியில பாலு ஊத்திக் குடுத்தாரு. இருக்காரா அவரு?"

"தெரியலம்மா" என்றேன்.

உங்களைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன் அத்தா. எப்படித்தான் வாய் வந்ததோ.

நேற்று அக்கா போன் பண்ணினாள்.

"வண்டி நிக்காட்டி போவுது. ஹாரன மட்டும் அடிக்காதடா. நீ ஆளுங்களோட கீழ வர்றேன்னு நெனச்சு அம்மா ஒவ்வொரு தடவையும் பால அடுப்புல ஏத்திடுறாங்க."

இத்தனை நாளும் அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

நாளைக்கு நாகூர் சவாரி. பாலம் ஏறாமல் கீழே திரும்புவேன். ஹாரன் அடிப்பேன், கடை வாசலில் வந்து அடிப்பேன். அம்மா பாலை ஏற்றட்டும், குடிக்க வேன் நிறைய ஆள் இருக்கும். யார் கடை என்று கேட்டால் என் அத்தா கடை என்று சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் பிள்ளைதான்,
சலீம்