கரையிறங்கும்போது யார் கையில் பாஸ்போர்ட்

நீடாமங்கலம்
11.2.2003

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள லியோவுக்கு அம்மா எழுதுவது. மூட்டுவலியைக் கழித்துப் பார்த்தால் நானும் அப்பாவும் சுகம், அங்கே அமெரிக்காவில் பனியைக் கழித்துப் பார்த்தால் நீயும் அனிட்டாவும் குழந்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், பூண்டி மாதா அப்படியே வைத்திருக்கட்டும். இங்கே இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்த லட்சணத்துக்குச் சம்பா பாதி பதராகிவிட்டது, நம் வயலைச் சாகுபடி செய்கிற கோவிந்தராசு அறுத்ததை வைக்கோலுக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனான், பேச்சுவார்த்தை நடக்கிறது என்று ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள், பேச்சை வாய்க்காலில் விட்டால் பயிர் விளையுமா என்று கேட்க ஆள் இல்லை. உன் அப்பா குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு காலை பத்து மணி வரை கழற்றுவதில்லை. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அதில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். ஏப்ரலில் நீங்கள் மூன்று பேரும் பகாமாஸ் பக்கம் கப்பலில் போகிறீர்கள், வழியில் தீவுகளில் இறங்கும்போது டிரைவிங் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா, நீங்கதான் கப்பல் அனுபவம் உள்ள ஆளாச்சே என்று கேலியாகக் கேட்டிருப்பது ஒன்று. இன்னொன்றைக் கேலியாக எழுதவில்லை. மாப்பிள்ளை கிளாட்சன் உனக்குப் போன் பண்ணி, உங்கம்மா வந்து என் குடும்பத்தைக் கலைச்சிட்டுப் போயிட்டாங்க என்று அழுதாராம், பெரிய மனசு பண்ணி அவரிடம் ஒரு ஸாரி சொல்லிடுங்கம்மா என்று எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறாய். இரண்டுக்கும் ஒரே பதில்தான், அது போன் கார்டில் அடங்காது, அதனால் எழுதுகிறேன், முழுதும் படி.

பொங்கல் கழித்து நான் சிங்கப்பூர் போனதும், அத்தைக்குக் கடல் காட்டணும் என்று மாப்பிள்ளை நான்கு நாள் கப்பலுக்கு டிக்கெட் போட்டார். கோடியக்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் காட்டுகிறார், போகட்டும். அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கலாம் என்று அவருக்கு ஒரு நீல அட்டை கொடுத்திருக்கிறார்கள், அதை மனிதர் எடுத்துக் காட்டுகிற அழகை நீ பார்த்ததில்லை, கடைக்காரன் கேட்டாலும் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார். உன் தங்கை சான்ட்ராவுக்கு அந்த அட்டை இல்லை, அவரைச் சார்ந்து இருப்பவள் என்று ஒரு அனுமதிதான். கப்பலில் ஏறும்போது ஆளுக்கு ஒரு அட்டை தருகிறார்கள், ஏறும் இடத்திலேயே முகத்தைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த அட்டைதான் அறைக்குச் சாவி, கப்பல் கடையில் எது வாங்கினாலும் அதைத்தான் நீட்ட வேண்டும், கரையில் இறங்கித் திரும்பி ஏறுவதற்கும் அதுதான். என் அட்டையை நான் வாங்கிக் கைப்பையில் வைத்தேன். சான்ட்ராவின் அட்டையை மாப்பிள்ளை வாங்கி, அவள் பாஸ்போர்ட்டோடு சேர்த்துத் தம் இடுப்பில் கட்டியிருந்த தோல்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அன்று சாயங்காலம் நான் மேல்தளத்திலிருந்து இறங்கி வரும்போது உன் தங்கை எங்கள் அறைக் கதவுக்கு வெளியே நடையில் நிற்கிறாள், என்னடி நிற்கிறாய் என்றால், அவங்க இன்னும் வரலம்மா என்கிறாள். எம்.எஸ்ஸி. படித்தவள், காலேஜில் இரண்டு வருஷம் பாடம் நடத்தியவள், தன் அறைக் கதவைத் திறக்கப் புருஷன் வரவேண்டும் என்று நிற்கிறாள். நான் என் அட்டையைப் போட்டுத் திறந்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன், அந்த வாயை மூடியதற்கு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பினாங்கு. கதவுக்கு அடியில் ஒரு தாள் தள்ளியிருந்தார்கள், கரையில் இறங்குகிறவர் ஒவ்வொருவரும் கப்பல் அட்டையும் அரசாங்கம் கொடுத்த படம் உள்ள அடையாளமும் வைத்திருக்க வேண்டும், வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டையே வைத்திருப்பது நல்லது, நாலரை மணிக்குள் திரும்ப வேண்டும், ஐந்துக்குக் கப்பல் கிளம்பும் என்று. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கிறுக்கியதைப் படித்தவள், அச்சடித்ததைப் படிக்காமல் இருப்பேனா, சத்தமாகவே படித்தேன். மாப்பிள்ளை தலை வாரிக்கொண்டே, அதெல்லாம் இங்கிலீஷ்ல சும்மா போடுவான் அத்தை, என் நீல ஐ.சி. கார்டே போதும், உங்க பாஸ்போர்ட்டையும் குடுங்க, தொலைச்சிடுவீங்க என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பிரசவ வார்டில் ஒரு நாளைக்குப் பதினாலு குழந்தைக்குக் கையில் நம்பர் கட்டி ஒன்றையும் மாற்றிக் கொடுக்காதவ நான், ஒரு புத்தகத்தைத் தொலைக்க மாட்டேன் மாப்பிள்ளை என்றேன். சிரித்தார். என்ன சிரிப்போ அது, அவர் வீட்டுக்கே சொந்தமான சிரிப்பு, நிச்சயதார்த்தத்தில் அவர் அப்பாவிடம் பார்த்ததுதான். இறங்கும் இடத்தில் நம் ஊர் ரயில்வே கேட் திறந்ததும் முண்டுகிற கூட்டம் மாதிரி கூட்டம், அவர் சான்ட்ராவின் அட்டையை எடுத்து மிஷினில் காட்டினார், அவள் இறங்கினாள், அட்டை மறுபடி தோல்பைக்குள் போய்விட்டது.

ஊரில் அரை மணி நடந்ததும் அவருக்குக் கேமரா பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டது, நீங்க ரெண்டு பேரும் புடவைக் கடை, கோயில் குளம்னு பாருங்க, மூணரைக்கு மணிக்கூண்டுகிட்டே வந்துடுறேன் என்று போய்விட்டார். சான்ட்ரா, ஏங்க, என் கார்டு என்று ஆரம்பித்தாள், அதற்குள் முதுகு தெரிந்தது. அவள் செல்போனையும் சிங்கப்பூரைத் தாண்டினால் வேலை செய்யாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். நாங்கள் மாதா கோவிலுக்குப் போய் ஜெபித்தோம், தமிழ்க்கடைத் தெருவில் டீ குடித்தோம், மூன்றேகாலுக்கே மணிக்கூண்டின் கீழே போய் நின்றுவிட்டோம். மூன்றரை ஆயிற்று, மூன்றே முக்கால் ஆயிற்று. அந்த வெயிலில் கேமராக் கடையெல்லாம் ஏறி இறங்கினோம், ஆள் இல்லை. சான்ட்ரா முகம் வெளுத்துவிட்டது, ஏதாவது ஆக்சிடென்ட்டாம்மா, ஏதாவது ஆக்சிடென்ட்டா என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். நாலு பத்துக்குத் துறைமுக வாசலுக்கு வந்தோம். வாசலில் நின்றவன் நம் தமிழ் ஆள், அவன் தாத்தா மன்னார்குடிப் பக்கமிருந்து போனவராம், மரியாதையாகத்தான் பேசினான். நீங்க போலாம்மா, உங்ககிட்ட அட்டை இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு, அவங்களை விட முடியாது, ஒரு தாள் கூட இல்லாம யாருன்னு நான் விடறது, என் வேலை போயிரும் என்றான். நான் பெற்ற மகள் என்றேன். எல்லாரும் யாரோ பெத்த மகதாம்மா என்றான். கோபம் வந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் அன்று அந்தக் கரையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆண்பிள்ளை அவன்தான்.

உன் தங்கை நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. என் பாஸ்போர்ட்டை நான் கையில தொட்டு நாலு வருஷம் ஆச்சும்மா, வந்த மறுநாள் அலமாரியில் வச்சுப் பூட்டினாங்க, லீவுக்கு ஊருக்கு வர்றப்ப ஏர்போர்ட்டில் அவங்களே நீட்டுவாங்க, அவங்களே வாங்கிக்குவாங்க, போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு போன் வந்தப்ப நான் கிளம்பணும்னேன், சாவி ஆபீசுல இருக்குன்னுட்டாங்க, மூணு நாளு சாவி ஆபீசுலயே இருந்துச்சு, அப்புறம் அப்பாவுக்குத் தேவலைன்னு நீங்க போன் பண்ணிட்டீங்க என்றாள். லியோ, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மூன்று நாளும் மகள் வரவில்லையே, சிங்கப்பூர் போனதும் கல்நெஞ்சாகிவிட்டாளே என்று நான் அவளைப் பேசாத பேச்சு இல்லை, நீயும் என்னோடு சேர்ந்து பேசினாய், ஞாபகம் இருக்கட்டும். இன்னொன்றும் சொல்கிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகித் திருச்சி ஏர்போர்ட்டில் அவளை அனுப்பும்போது, பாஸ்போர்ட்டையெல்லாம் மாப்பிள்ளைகிட்ட குடுத்துடுடி, உனக்கு ஞாபகமறதி, அவர்கிட்ட பத்திரமா இருக்கும் என்று சொன்னது நான்தான். கையைப் பிடித்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, அவர் கையில் நானே கொடுத்தேன். மாப்பிள்ளையைத் திட்டுகிற அளவுக்கு என்னையும் திட்டிக்கொண்டுதான் அந்த ஓரத்தில் நின்றேன்.

மணி நாலு இருபத்தைந்து. நீயாவது போம்மா, நீயும் மாட்டிக்காதே என்று சான்ட்ரா என்னைத் தள்ளினாள். நான் வாசலைத் தாண்டி, இந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன், திரும்பிப் பார்த்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், நான் ஏறியபின் கப்பல் நகர்ந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். மேலே ஏறியதும் அங்கே நின்ற பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி இங்கிலீஷில் சொன்னேன், டாட்டர் அவுட்சைட், நோ கார்டு, போட்டோ யுவர் கம்ப்யூட்டர். அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்கவில்லை, பெயரைத் தட்டினாள், உன் தங்கை முகம் திரையில் வந்தது, அதைத் தாளில் எடுத்து, கப்பல் முத்திரை போட்டு, தானே என்னோடு இறங்கி ஓடிவந்தாள். அவள் என்னைவிட நல்ல நர்சாக வந்திருப்பாள். வாசல்காரன் தாளையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான், யாருக்கோ போன் பண்ணினான், போங்க அக்கா என்றான். நாங்கள் ஏறும்போது நாலு ஐம்பத்திரண்டு, ஏணியை எடுக்க ஆள் நிற்கிறார்கள். மாப்பிள்ளை இன்னும் வரவில்லை என்று சான்ட்ரா அந்தப் பெண்ணிடம் பதறினாள். அவள் மறுபடி கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, உங்கள் கணவர் இரண்டு ஐந்துக்கே ஏறிவிட்டாரே என்றாள்.

அறையைத் திறந்தால், உன் மாப்பிள்ளை போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏசியில் தூங்குகிறார். புதுக் கேமராப் பெட்டி மேஜை மேல், பக்கத்தில் தோல்பை. எழுப்பினதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, வெயில் தாங்கல, நீங்க வந்துருவீங்கன்னு வந்துட்டேன் என்றார். அவள் கார்டு உங்ககிட்ட இருக்கே, எதைக் காட்டி வருவா என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தார், அது அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது, கெட்ட எண்ணம் என்று கூடச் சொல்ல முடியாது, அவள் அவருக்கு நினைவிலேயே இல்லை. அப்புறம் சொன்னார் பார், அதான் வந்துட்டீங்கல்ல. நான் வாயைத் திறந்தேன். சான்ட்ரா என்னை ஒரு பார்வை பார்த்தாள், நீ பேசாதே என்கிற பார்வை, அதை நான் அவளிடம் அதுவரை பார்த்ததில்லை. நேரே போய்த் தோல்பையைத் திறந்தாள், அவருடையதை எடுத்து மேஜையில் வைத்தாள், தன்னுடைய பாஸ்போர்ட்டையும் கப்பல் அட்டையையும் எடுத்துக்கொண்டாள். என்ன இது, எம்மேல நம்பிக்கை இல்லையா, உங்கம்மா சொல்லிக் குடுத்தாங்களா என்று அவர் எழுந்து உட்கார்ந்தார். இல்லைங்க, வாசல்ல நின்ன ஆளு சொன்னாரு, ஒரு தாளாவது இல்லாம நான் யாருன்னு தெரியலயாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்தளத்துக்குத் தனியாகப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து, கதவைத் தட்டாமல், தானே திறந்துகொண்டு உள்ளே வந்தாள். இதுதான் நான் குடும்பத்தைக் கலைத்த கதை. அந்த ஒரு கேள்விக்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்குத்தான் குறை.

அவர் உனக்குப் போன் பண்ணி அழுதார் என்றால் அது தூக்கம் கலைந்த அழுகை. அதைக் கேட்டு உருகிப்போய் எனக்கு ஸாரி சொல்லக் கற்றுக்கொடுக்கிறாயே, உன்னை என்ன சொல்ல. தங்கைக்கு ஒரு போன் போட்டு என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றியதா உனக்கு, இல்லை, ஆம்பளையும் ஆம்பளையும் பேசி முடித்துவிட்டீர்கள். ஸாரி சொல்ல மாட்டேன். சான்ட்ரா அங்கேயேதான் இருக்கிறாள், எங்கும் ஓடிவிடவில்லை, பாஸ்போர்ட்டைத் தன் புடவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்திருக்கிறாள், ஒரு டியூஷன் சென்டரில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள், நேற்றுப் பேசும்போது குரல் நன்றாக இருந்தது. நீ நடுவில் போய் சமாதானம் பண்ணுகிறேன் என்று எதையும் கெடுக்காதே.

இனி நீ கேட்டது. லைசென்ஸ் கார் ஓட்டுவதற்கு, கப்பலில் யாரும் உன்னைக் கார் ஓட்டச் சொல்லப் போவதில்லை. நீ அமெரிக்காக்காரன் இல்லை, வேலை விசாவில் இருப்பவன், அதை அடிக்கடி மறந்துவிடுகிறாய். கரையில் இறங்கும்போது விசா ஒட்டிய பாஸ்போர்ட், அதில் பின் அடித்துத் தந்தார்களே அந்த வெள்ளைச் சீட்டு, கப்பல் அட்டை, இதெல்லாம் ஆளுக்கு ஆள் தனித்தனியாக அவரவர் கையில். ஜெராக்ஸ் ஒன்று எடுத்து அறையில் வை, அசலுக்கு அது ஈடில்லை, ஆனாலும் வை. கப்பல் பெயர், நிற்கிற துறை, கிளம்பும் நேரம், கப்பல் ஏஜென்ட் போன் நம்பர், இவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதி அனிட்டாவிடமும் கொடு, குழந்தையின் சட்டைப் பையிலும் ஒன்று வை. கப்பல்காரர்களையே முன்கூட்டிக் கேள், ஊருக்கு ஊர் சட்டம் மாறும், நீல அட்டை வைத்திருக்கிறவர் சொல்வதை நம்பாதே.

எழுதிக்கொண்டு வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு வருஷம் முன்னால் அனிட்டாவை மெட்ராஸ் ஏர்போர்ட்டில் அனுப்பும்போதும், பாஸ்போர்ட்டை உன்னிடம் கொடுத்துவிடச் சொல்லி அந்தப் பழைய பாட்டைத்தான் பாடினேனா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை, பாடியிருப்பேன். அதனால் இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டாம். அனிட்டா எழுதட்டும். அவள் பாஸ்போர்ட்டை, யாரிடமும் சாவி கேட்காமல், அவளே எடுத்து, அதிலிருக்கிற நம்பரைப் பார்த்து, அவள் கையெழுத்தில் எனக்கு எழுதி அனுப்பட்டும். அந்தக் கடிதம் வந்தபிறகுதான் உன்னோடு பேசுவேன்.

குழந்தைக்கு நெற்றியில் சிலுவை போட்டு விடு. உங்கள் மூவருக்கும் மாதாவின் ஆசீரும், அப்பாவின் ஆசீரும், கோபத்தோடு என் ஆசீரும். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
சகாயம்மாள்